தலகாணிய எடுத்துடுங்க மொதல்ல

கேள்வி: பைக்ல இருந்து விழுந்து முட்டில லிகமென்ட் (எலும்புகள இணைக்கற நார்) அடிபட்டு, முட்டி ஆடாம இருக்க 6 வாரம் பிரேஸ் போட்டிருந்தேன் டாக்டர், இப்ப கழட்டிட்டாங்க, ஆனா கால் சரியா மடங்கவும் மாட்டேங்குது நேரா நீட்டவும் வரல. தம்பி பிடிச்சு அமுக்கி மடக்கி விடறான், உயிரே போகுது, மறுநாள் வீங்கிடுது. வலிச்சாதான் சரியாகும்ங்கறாங்களே, நிஜமா?

பதில்: தம்பிய இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. 6 வாரம் ஆடாம இருந்ததுல மூட்ட சுத்தியிருக்கற உறை இறுகியிருக்கும், தொடை சதையும் மெலிஞ்சிருக்கும், அத ஒரே அமுக்குல விடுவிக்க முடியாது, மறுபடி வீங்கும், வீங்கினா தொடை சதை இன்னும் சோம்பேறி ஆகும், நீங்க சொல்ற "மறுநாள் வீக்கம்" அதோட அறிகுறிதான். இழுக்கற மாதிரி வலி இருந்தா பரவால்ல, செஞ்சு முடிச்சதும் கொஞ்ச நேரத்துல அடங்கிடணும், குத்தற வலின்னா அன்னிக்கு அளவு ஜாஸ்தி.

எல்லாரும் மடக்கறதுலயே குறியா இருப்பாங்க, நான் மொதல்ல கேக்கறது நீட்ட வருதான்னுதான். சமதளத்துல நடக்க 60 டிகிரி சொச்சம் மடங்கினா போதும், ஆனா கால் முழுசா நீளலன்னா ஒவ்வொரு அடியும் நொண்டல்தான். படுக்கைல கால நீட்டி உட்காருங்க, முட்டிக்குப் பின்னாடி இருக்கற சந்துல உள்ளங்கைய விட்டுப் பாருங்க, நல்ல கால்ல நுழையாம இந்தக் கால்ல சுலபமா நுழைஞ்சா அதுதான் நீங்க இன்னும் நீட்ட வேண்டிய பாக்கி. சொகமா இருக்குன்னு முட்டிக்கு அடில தலகாணி வெச்சு தூங்குவீங்களே, அதுல முட்டி மடங்கியேதான் கெடக்கும், அத எடுத்துடுங்க (எனக்குத் தெரியும், நிச்சயம் வெச்சிருப்பீங்க). பதிலா குதிகாலுக்கு அடில துண்ட சுருட்டி வெச்சு முட்டி அந்தரத்துல தொங்கற மாதிரி 10 நிமிஷம் விடுங்க, நடுநடுவுல தொடைய இறுக்கி 5 செகண்ட் பிடிங்க, முட்டிச் சில்லு மேல நகர்றது கண்ணுக்கே தெரியும்.

மடக்கறதுக்கு சாக்ஸ் போட்டுக்கிட்டு பாதத்துல பெட்ஷீட்ட மாட்டி குதிகால வழுக்க விட்டு மெதுவா இழுங்க, இறுகற இடத்துல 20, 30 செகண்ட் நில்லுங்க. ஒரே தடவையா ஒரு மணி நேரம் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா நாளுக்கு 4, 5 தடவை. எந்த லிகமென்ட், எவ்வளவு மடக்கலாம்னு உங்க டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க, சிலதுக்கு வரம்பு இருக்கும். கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ, முட்டி சிவந்து காய்ச்சல் வந்தாலோ, திடீர்னு பூட்டிக்கிட்டாலோ பயிற்சிய விட்டுட்டு ஒடனே காட்டுங்க.

கேள்வி: ஒத்தடம் சூடா, ஐஸா?

பதில்: வீக்கம் இல்லாத முட்டின்னா பயிற்சிக்கு முன்னாடி வெந்நீர் ஒத்தடம், முடிச்சதும் துணில சுத்தின ஐஸ் 10, 15 நிமிஷம். வீங்கி சூடா இருக்கற முட்டிக்கு ஐஸ் மட்டும்.