மைனஸ் 9 பவர், 470 மைக்ரான் கருவிழி: லேசிக்குக்கு மாற்று

மைனஸ் 9 பவரும் 470 மைக்ரான் தடிமனுள்ள கருவிழியும் இருப்பதால், லேசரால் கருவிழியைச் செதுக்கிப் பார்வையைச் சரிசெய்யும் லேசிக் வேண்டாம் என்று உங்கள் மருத்துவர் மறுத்தது சரியே. இந்த அளவுகளுக்கு, கருவிழியைச் செதுக்காமல் இயற்கை லென்ஸுக்கு முன்னால் மெல்லிய லென்ஸைப் பொருத்தும் ஐசிஎல் முறையைப் பற்றிக் கேளுங்கள்.

லேசிக்கில் ஒவ்வொரு டயாப்டருக்கும் (ஒரு பவர் அளவுக்கும்) ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் திசு நீக்கப்படுகிறது. முதலில் வெட்டித் திறக்கும் கருவிழியின் மேல்மடலுக்கு 110 மைக்ரான் போனால், அடியில் குறைந்தது 250 மைக்ரான் எஞ்ச வேண்டும் என்ற எல்லையை உங்கள் கண் தொட்டுவிடும் அல்லது மீறிவிடும். அப்படி மெலிந்த கருவிழி பின்னாளில் பிதுங்கக்கூடும்.

ஐசிஎல் பொருந்துமா என்று அறிய, கண்ணின் முன்னறை (கருவிழிக்கும் இயற்கை லென்ஸுக்கும் இடையிலான பகுதி) ஆழத்தையும் கருவிழியின் உட்படலச் செல் எண்ணிக்கையையும் அளக்கச் சொல்லுங்கள். ஆழம் சுமார் 2.8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஐசிஎல்லும் பொதுவாகப் பொருந்தாது.

இவ்வளவு மைனஸ் பவருக்குப் பொதுவாகக் காரணம் நீண்டுவிட்ட கண்கோளம்; இந்த அறுவை சிகிச்சைகள் எதுவும் அதைச் சுருக்குவதில்லை. கண்ணாடி போனாலும் விழித்திரை விலகும் அபாயம் நீடிப்பதால், முன்பும் பின்பும் விழித்திரைப் பரிசோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.