அடியும் இல்லை, தழும்பும் இல்லை: கடிதமும் பதிலும்

வணக்கம்.

வார இறுதிகளில் குழந்தைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்புக்கு எட்டு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். நான்கு வயதுத் தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருவாள். வகுப்பு தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வந்து வாசலில் நிற்பார்கள். எல்லோரும் போனபிறகும் கிளம்ப மனம் வராது. பல நாள் காயை நகர்த்தக் கையெடுத்தவள் அப்படியே தூங்கிவிடுகிறாள். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரத் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. யாரும் மருத்துவரிடம் காட்டியதாகத் தெரியவில்லை. நான் கொடுக்கும் பிஸ்கெட்டில் பாதியை “ராத்திரிக்கு” என்று பையில் போட்டுக்கொள்கிறாள்.

அவள் அம்மாவிடம் ஒருமுறை பேசினேன். “அவ ரொம்பச் சமத்து, தம்பியை அவளே பார்த்துக்குவா” என்று பெருமையாகத்தான் சொன்னார். பிள்ளைகள் உடம்பில் அடி இல்லை, தழும்பு இல்லை. போன வாரம் அவளே வந்து, “ஒண்ணு சொல்றேன் மிஸ், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்றாள். செய்தேன். ராத்திரியில் வீட்டில் பெரியவர்கள் இருப்பதில்லையாம். கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு இருவரும் படுத்துக்கொள்வார்களாம். அம்மா விடிந்தபிறகுதான் வருவாராம்.

அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடாதே என்கிறார் என் கணவர். உடனே போலீசுக்குப் போ என்கிறாள் தோழி. இதைக் கொடுமை என்று சொல்லலாமா? நான் நினைப்பது தப்பாக இருந்து, என்னால் அந்தக் குடும்பம் சிதறிப்போனால்? செய்த சத்தியத்தை என்ன செய்வது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சத்தியத்தை மீறுங்கள். ஆனால் அவளுக்குத் தெரியாமல் மீறாதீர்கள். “நீ சொன்னதையே நெனச்சுக்கிட்டிருந்தேன். ராத்திரி நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறது எனக்குக் கவலையா இருக்கு. இதுக்கு உதவி பண்றவங்க இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லப்போறேன். நீ என்கிட்ட சொன்னது ரொம்ப நல்லது” என்று சொன்னால் போதும். இதை எப்போது சொல்வது என்பதைக் குழந்தைகள் உதவி எண்ணில் பேசுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். “அம்மா கோபப்பட மாட்டாங்க” என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. அம்மா கோபப்பட்டால், பெரியவர்களின் சொல்லை நம்பக்கூடாது என்ற பாடத்தை அவள் உங்களிடமிருந்தும் படித்துக்கொள்வாள்.

இனி இப்படி ஒரு குழந்தை சத்தியம் கேட்டால், “அதை மட்டும் என்னால சொல்ல முடியாது, உனக்கு ஆபத்துன்னா நான் உதவி கேட்டே ஆகணும், ஆனா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்று சொல்லுங்கள். குழந்தை பேசாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறோம். சில குழந்தைகள் அன்றைக்குப் போய்விட்டு இன்னொரு நாள் வருவார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று எத்தனையோ நாள் யோசித்தபிறகுதான் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அவ்வளவு சுலபமாக விட்டுவிட மாட்டார்கள்.

இது கொடுமையா என்று கேட்கிறீர்கள். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, அடி உதையையும் பாலியல் துன்புறுத்தலையும் சொல்லும் அதே வாக்கியத்தில்தான் புறக்கணிப்பையும் சொல்கிறது. தராதரம் பிரிக்கவில்லை. நாம்தான் பிரித்துக்கொள்கிறோம். அடி என்றால் பதறுகிறோம், கவனிப்பாரில்லை என்றால் “பாவம், கஷ்டப்பட்ட குடும்பம்” என்று நகர்ந்துவிடுகிறோம். எட்டும் நான்குமான இரண்டு பிள்ளைகள் இரவு முழுக்கத் தனியாக, உள்ளே தாழிட்ட கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். நள்ளிரவில் ஒரு தீப்பொறி போதும். அந்தச் சின்னவனுக்குக் காய்ச்சலில் இழுப்பு வந்தால் என்ன செய்வதென்று எட்டு வயதுக்குத் தெரியுமா? இதற்கு வேறு பெயர் தேடவேண்டாம்.

உங்கள் உண்மையான பயம் அடுத்த கேள்வியில்தான் இருக்கிறது: தப்பாக இருந்தால்? இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஃபி என்ற குழந்தைகள் எக்ஸ்ரே நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். மூளை உறைக்குக் கீழே இரத்தம் கட்டியிருந்த ஆறு சிசுக்கள். அவர்களின் கைகால் எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலகட்டத்தில் ஆறியவை. காரணம் கேட்டால் பெற்றோரிடம் பதில் இல்லை. படங்கள் கண்ணெதிரே இருந்தன. ஆனாலும் யாரோ இந்தக் குழந்தைகளைத் தாக்குகிறார்கள் என்று மருத்துவ உலகம் வாய்விட்டுச் சொல்ல 1962 வரை ஆயிற்று. அந்த ஆண்டு அமெரிக்காவின் டென்வரில் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் சகாக்களும் 71 மருத்துவமனைகளில் கேட்டறிந்து வெளியிட்ட கணக்கில் ஓராண்டில் தாக்கப்பட்ட 302 குழந்தைகள், அதில் 33 மரணங்கள். பெற்றவர்கள் இப்படிச் செய்வார்கள் என்று நம்ப மருத்துவர்களுக்கு மனம் வருவதில்லை, துருவிக் கேட்கவும் தயங்குகிறார்கள் என்று கெம்ப் அதிலேயே எழுதினார். அதற்கடுத்த சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் சட்டம் கொண்டுவந்தன. சந்தேகம் வந்தால் தெரிவி, நிரூபிக்கவேண்டியது உன் வேலையல்ல என்பதுதான் அந்தச் சட்டங்களின் சாரம். இன்று உலகின் பல நாடுகளில் ஆசிரியர், மருத்துவர், குழந்தைகளோடு பணிபுரிபவர் ஆகியோருக்கு இது சட்டக் கடமை. சில நாடுகளில் எல்லாக் குடிமக்களுக்கும். உங்களையும் அது சேர்த்தே குறிக்கக்கூடும்.

ஆகவே நீங்கள் தீர்ப்பு எழுதப்போவதில்லை. “இன்ன தேதியில் இதைப் பார்த்தேன், இதைக் கேட்டேன், கவலையாக இருக்கிறது” என்று சொல்லப்போகிறீர்கள். குழந்தைகள் உதவி எண்ணோ குழந்தை நலத்துறையோ, உங்கள் நாட்டில் எது இருக்கிறதோ அதை அழையுங்கள். காவல்துறை எதற்கென்றால், இந்த நிமிடம் உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கு. ஓர் இரவு வகுப்பு முடிந்து போகும்போது அவர்கள் தனியாகத்தான் இருக்கப்போகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் அதுவும் அப்படிப்பட்ட நிலைமைதான், தயங்கவேண்டாம்.

தழும்பு இல்லை என்பதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் கணுக்காலுக்கு மேலும் நெற்றியிலும் கன்றிப்போவது சகஜம். காது, கழுத்து, மார்பு, முதுகு, வயிறு, தொடையின் பின்பக்கம் ஆகிய இடங்கள் விளையாட்டில் அவ்வளவு லேசில் அடிபடுவதில்லை. இன்னும் தவழவே தொடங்காத சிசுவின் உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும் மருத்துவர் பார்க்கவேண்டும். சட்டைக்குள் இருப்பது நம் கண்ணில் படாது, அதனால் “பார்த்தவரை இல்லை” என்பதற்கு மேல் நாம் சொல்ல முடியாது. ஆனால் தயவுசெய்து நீங்களாகச் சட்டையை விலக்கிப் பார்க்காதீர்கள்.

புறக்கணிப்புக்கு எக்ஸ்ரே கிடையாது. அடி ஒரு சம்பவம், அதற்கு நாளும் நேரமும் உண்டு. புறக்கணிப்பில் நடந்தது என்று காட்ட எதுவுமில்லை; நடக்கவேண்டியது நடக்காமலே போன நாட்கள்தான் இருக்கின்றன. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் சமாதானம் உண்டு: எந்தக் குழந்தைதான் வகுப்பில் தூங்கவில்லை? சேர்த்து வைத்தால்தான் தெரியும். நீங்கள் கடிதத்தில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். முன்கூட்டியே வருவது, போக மனமில்லாமல் நிற்பது, தூக்கம், இரண்டு மாதப் பல்வலி, ராத்திரிக்கென்று ஒதுக்கிய பிஸ்கெட். எனக்கு இதில் அந்தப் பிஸ்கெட்தான் உறுத்துகிறது. பசித்த பிள்ளை உடனே தின்னும். ஒதுக்கிவைக்கும் பிள்ளைக்குத் தினமும் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. “சமத்து” என்று அவள் அம்மா பெருமைப்படுவது இதைத்தான்.

சாப்பாடும் உடுப்பும் கிடைத்தால் போதும், பிள்ளை தானாக வளர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ருமேனியாவைச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டு வாக்கில் அதன் தலைநகர் புக்கரெஸ்டில் தொடங்கிய ஓர் ஆய்வு, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான விடுதிகளில் இருந்த 136 சின்னஞ்சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டது. அங்கே உணவு உண்டு, படுக்கை உண்டு. அழுதால் தூக்க, சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க, தனக்கென்று ஓர் ஆள் இல்லை. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். குடும்பங்களுக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மற்றவர்களைவிட முன்னே போயிற்று. இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகமாக மீண்டார்கள். அப்படிக் குலுக்கிப் பார்த்தது தகுமா என்பது தனிச் சண்டை, எனக்கே அதில் முழுச் சமாதானம் இல்லை. ஆனால் கண்டுபிடித்ததை மறுக்க முடியவில்லை.

அந்த அம்மாவுக்கு வருகிறேன். இரவு வேலைக்குப் போகிறாரா, வேறு என்னவோ, நமக்குத் தெரியாது. வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவருக்கு ஆள் ஏற்பாடு செய்து கொடுத்தால் அங்கே புறக்கணிப்பே மிஞ்சாமல் போகலாம். ஏற்பாடு செய்து கொடுத்தபிறகும் கதவு அப்படியே தாழிட்டிருந்தால் அது வேறு கதை. இதைப் பிரித்துப் பார்ப்பது பயிற்சி பெற்ற ஒருவரின் வேலை. அழைப்பு விடுத்தாலே பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது நம் பயம்; பெரும்பாலும் முதலில் வீட்டுக்கு ஒருவர் வந்து பேசுவதில்தான் அது தொடங்கும்.

உதவி தடுக்கும் என்பது வெறும் நல்லெண்ணப் பேச்சல்ல. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரில் 1970களின் கடைசியில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 400 கர்ப்பிணிகளோடு ஒரு சோதனை தொடங்கினார். ஒரு பிரிவினருக்குக் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை செவிலியர் வீடு தேடிப் போனார். 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிரிவில் துன்புறுத்தல், புறக்கணிப்புப் புகார்கள் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாக இருந்தன. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: கணவன் மனைவிக்குள் அடிதடி மிகுந்த வீடுகளில் இந்தப் பலன் இல்லை. செவிலியர் வந்து குளிப்பாட்டச் சொல்லிக்கொடுப்பதால் அந்த வீட்டின் பயம் போய்விடாது. உங்கள் மாணவியின் வீட்டில் அப்படி ஏதும் உண்டா என்பதும் நமக்குத் தெரியாது. நீங்கள் நேரே போய் அம்மாவிடம் கேள்வி கேட்கவேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டுக்குள் அடியோ பாலியல் துன்புறுத்தலோ இருந்தால், நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்றிரவே குழந்தை பதில் சொல்லவேண்டிவரும்.

குழந்தையையும் துருவாதீர்கள். “அப்புறம்?”, “அதைப் பத்திச் சொல்றியா?” இவ்வளவு போதும். “அம்மா அடிப்பாங்களா?”, “யாராவது தொட்டாங்களா?” என்று நாமே விடையை வாயில் ஊட்டக்கூடாது. 1980களில் கலிபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளி மீது தொடர்ந்த வழக்கில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் இப்படித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஏழாண்டு இழுத்து 1990இல் யாருக்கும் தண்டனையின்றி முடிந்தது. எது உண்மை, எது கேட்டுக் கேட்டு விளைந்தது என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதி போட்டு, இன்றே எழுதிவையுங்கள். நாளை அவள் “நான் அப்படிச் சொல்லவே இல்ல” என்று மாற்றிச் சொல்லலாம். அதனால் முதலில் சொன்னது பொய்யாகிவிடாது. சொன்னபிறகு வீட்டில் நடந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் பின்வாங்குவது உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் போனபிறகும் இருக்கும், வீட்டில் ஆளில்லாத, உங்களை மிகவும் பிடித்துப்போன ஒரு குழந்தையைத்தான் தவறான எண்ணம் கொண்டவர்களும் தேடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் அந்நியர்கள் இல்லை. பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றவர்கள். உங்கள் வகுப்பில் கதவு திறந்தே இருக்கட்டும். எந்தப் பெரியவரும், நீங்கள் உட்பட, ஒரு பிள்ளையோடு மறைவில் தனித்திருக்கவேண்டாம். பிள்ளைகளை அழைத்துப்போக யார் வரலாம் என்று பெயர் எழுதிவையுங்கள். பிள்ளைகளுக்கு உடல் பாதுகாப்புச் சொல்லிக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை “வேண்டாம்” என்று கத்தித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது எனக்கு எப்போதுமே சரியாகப் படவில்லை. காவல் பெரியவர்கள் பொறுப்பு.

தகவல் கொடுத்த மறுநாளே எல்லாம் மாறிவிடாது. யாரும் வராமலும் போகலாம். ஒரு வாரம் பொறுத்து மறுபடி அழையுங்கள், புதிதாகப் பார்த்ததைச் சொல்லுங்கள். உங்கள் கணவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: குடும்பத்துக்குள் தலையிட்டது நீங்கள் இல்லை, அந்தப் பெண்தான் வெளியே வந்து கூப்பிட்டிருக்கிறாள். வகுப்பை அவளுக்கு வழக்கம்போல நடத்துங்கள், விசேஷக் கரிசனம் காட்டி மற்றப் பிள்ளைகள் முன்னால் கூச வைக்காதீர்கள். தூங்கினால் தூங்கட்டும்.

பல்வலியைப் பற்றி அம்மாவிடம் தாராளமாகப் பேசலாம், அதில் குற்றச்சாட்டு இல்லை. “நீங்க வர்ற நேரம் சொல்லுங்க, பல் டாக்டர்கிட்ட சேர்ந்தே போவோம்” என்று கேளுங்கள். வந்தால் நல்லது. சாக்குச் சொன்னால் அந்தச் சாக்கையும் தேதியோடு எழுதிக்கொண்டு, அடுத்த அழைப்பில் அதையும் சொல்லுங்கள்.