ஒதுங்கியதா, ஒதுக்கியதா?

கேள்வி: முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கும் படகுகளை அதிகாரிகள் கையாளும் முறையில் நீதி இருக்கிறதா? (வாசகர், சிலாவத்தை)

பதில்: மழைக்கு மனிதர் ஒதுங்குவதுண்டு, வம்புக்குப் பெரியவர்கள் ஒதுங்குவதுண்டு, வள்ளம் தானாக எங்கே ஒதுங்குகிறது? வாடைக்காற்று அதைத் தூக்கி மணலில் எறிகிறது. இந்தச் சொல்லை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அலுவலகத் தமிழ்தான். அதற்கு இருபது அடிக் கண்ணாடியிழை வள்ளமும் ஒரு சரக்குக் கப்பலும் ஒரே 'ஒதுங்கிய கலம்'.

ஆனால் நடத்தும் விதம் ஒன்றல்ல. 14,000 தொன் அரிசியுடன் தென்னாபிரிக்கா நோக்கிப் போன ஜோர்தான் கப்பலான 'ஃபாரா 3', 2006 டிசம்பரில் இயந்திரம் பழுதாகி நமது கரையில் தரைதட்டியது. போர் முடிந்த பின்னும் அங்கேயே துருவேறி நின்று, பேருந்தில் வந்திறங்கியவர்களுக்குக் காட்சிப்பொருளாயிற்று. அதன் அணியத்தில் (முன்முனையில்) அகற்றச் சொல்லி எவரும் அறிவித்தல் கட்டியதை நான் கண்டதில்லை. எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இந்திய றோலர்களோ கிராஞ்சி, காரைநகர் முதலிய இடங்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து மரம் உளுத்துப்போக, 2022 பெப்ரவரியில்தான் 105 படகுகள் ஏலத்துக்கு வந்தன. அவை ஒதுங்கியவை அல்ல, ஒதுக்கப்பட்டவை. (றோலர் என்று எழுதியதற்காக என்னுடன் சண்டைபிடித்த தமிழாசிரியர் இம்முறையும் கடிதம் எழுதலாம், மீனவர் வாடியில் போய் 'இழுவைப்படகு' என்று சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.)

இனி என் மைத்துனரின் வள்ளம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் அதை அளம்பில் கரையின் மேட்டில் ஏற்றிவிட்டுப் போயிற்று. நான்காம் நாள் காலையில் அவர் அதன் நிழலிலேயே அமர்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தபோது, ஓர் அலுவலகத்திலிருந்து வந்த இளைஞர், பொலித்தீன் உறையிலிட்ட கடதாசி ஒன்றை அணியத்தில் நைலோன் நூலால் கட்டினார். கடதாசி முழுவதும் சிங்களத்தில் இருந்தது. "தம்பி, என்ன எழுதியிருக்கு?" என்று மைத்துனர் கேட்க, "உரிமையாளர் அடையாளம் காணப்படவில்லை, மூன்று நாட்களுக்குள் அகற்றாவிட்டால் பறிமுதல் செய்யப்படும் என்று இருக்கிறது ஐயா" என்றார் அவர். கட்டிய கைக்கு ஒரு சாண் கீழே பதிவிலக்கம் சிவப்பு வர்ணத்தில் எழுதப்பட்டிருந்தது. நூல் இறுகவில்லை என்று மைத்துனரே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

வாடைக் கடல் கொந்தளிக்கும் டிசம்பரில் மூன்று நாள் தவணை என்பது தொழிலாளிக்கு விதித்த தவணையா, கடலுக்கு விதித்த தவணையா என்பதே என் சந்தேகம். உரிமையாளர் கிட்ட இருந்தால் அவசரம், எட்ட இருந்தால் கோப்பு என்பதுதான் நான் கண்ட நடைமுறை. கடற்றொழில், கரையோரப் பாதுகாப்பு, பிரதேச சபை, கடற்படை, நீதிமன்றம் என்று அந்தக் கோப்பு சுற்றி வருவதற்குள் கரைவலைக்காரர் வலை இழுக்கும் இடமான 'பாடு' எங்கும் இரும்பு புதைந்து வலையைக் கிழிக்கத் தொடங்கிவிடும். தவணை கடல் அடங்கிய நாளிலிருந்து எண்ணப்படவேண்டும். இலக்கத்தைப் படித்துப் பார்த்த பிறகே அறிவித்தல் தமிழில் எழுதப்படவேண்டும். இரண்டுக்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும்.

பத்துப் பேர் தோள் கொடுத்து வள்ளத்தை ஒருவாறு இறக்கிவிட்டார்கள். மைத்துனர் அந்தக் கடதாசியைத் தமது அனுமதிப்பத்திரத்துடன் சேர்த்தே வைத்திருக்கிறார். அடையாளம் காணப்படாத அந்த உரிமையாளரிடமிருந்து அனுமதிப்பத்திரக் கட்டணத்தை மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் அறவிட்டுக்கொள்கிறார்கள்.