மண்டி முதலாளியிடம் எப்போது சொல்வது?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. பி.காம். முடித்துவிட்டு பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். விடிவதற்கு முன்பே ஏலத்துக்குப் போய்விட வேண்டும். கொஞ்ச நாளாக இருட்டில் பெட்டிகளில் இடித்துக்கொள்கிறேன். கண் டாக்டர் 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்கிறார். முதலாளிக்குத் தெரியாது. வீட்டில் மாமன் மகளைப் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கட்டுமா? எதிலும் தைரியமே இல்லை.
- வாசகர், பாலக்கோடு

பதில்: தம்பி, எனக்கும் அதே நோய்தான். வெறும் மாலைக்கண் என்று நினைத்து, அம்மா வருடக்கணக்கில் முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் சமைத்துப் போட்டார். அது சத்துக்குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு உதவும். நமக்கு வந்திருப்பது விழித்திரை நோய். முதலில் இருட்டில் பார்வை போகும், அப்புறம் பக்கவாட்டில் சுருங்கிக்கொண்டே வரும். நடுப்பார்வை பெரும்பாலும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட நம் சிரமம் தெரிவதில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு வங்கிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இருட்டினால் பஸ் ஸ்டாண்டில் போர்டு தெரியாது. கேட்க வெட்கம். போனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் 'காவேரிப்பட்டணம், தர்மபுரி' என்று கத்தும் வரை பேசுவது போல நிற்பேன். பக்கவாட்டில் வந்து சிரித்தவர்களை நான் பார்க்கவே இல்லை. திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது. ஒருநாள் வவுச்சரில் 3-ஐ 8 என்று படித்துவிட்டு, வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தா வசதிம்மா?" வாசல் வெயில் கண்ணில் அடிக்காதபடி என் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். அன்றைக்கே தைரியம் வந்துவிடவில்லை. ஆனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

உங்கள் நிலைமை வேறு என்பது எனக்குப் புரிகிறது. பணியில் இருக்கும்போது பார்வை போனால் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். மண்டிக்கு அது பொருந்தாது. அதனால் முதலில் ஒரு வித்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, பிறகு சொல்லுங்கள்.

அந்த வித்தை திரைவாசிப்பான். 'என்விடிஏ' என்ற மென்பொருள் இலவசம். திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும், தமிழும் படிக்கும். முதல் மாதம் அந்த இயந்திரக் குரல் எனக்குத் தலைவலியே கொடுத்தது. அப்புறம் பழகிவிட்டது. எக்செல்லில் அம்புக்குறியை அழுத்த அழுத்த, எந்தக் கட்டம், அதில் என்ன எண் என்று சொல்லிக்கொண்டே வரும். தட்டச்சு மட்டும் விசைப்பலகையைப் பார்க்காமல் வரவேண்டும். பார்வை இருக்கும்போதே இதைக் கற்றுக்கொள்ளுங்கள். தப்பு செய்தால் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம். நான் தள்ளிப்போட்டு மிகவும் கஷ்டப்பட்டேன்.

ஒரு வாரத்துக் கணக்கை அப்படிப் போட்டு முதலாளியிடம் காட்டிவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். விடியற்காலை ஏலத்துக்குப் பதிலாகப் பகலில் பில்லும் வசூல் கணக்கும் பார்க்கிறேன் என்று கேளுங்கள். வெறும் கையோடு போய்ச் சொன்னால் பரிதாபம்தான் கிடைக்கும். அவர் மறுத்தாலும் கற்றது உங்களோடுதான் இருக்கும். ஆக, வேலையை இப்போது விடவேண்டாம்.

தேர்வுக்கும் படியுங்கள். 'எழுத்தெல்லாம் தெரிகிறதே, சான்றிதழ் கிடைக்குமா?' என்று நம்மில் பலர் போய்ப் பார்ப்பதே இல்லை. பார்வைப் புலம், அதாவது நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் கண்ணுக்குத் தெரியும் பரப்பு, 40 டிகிரிக்குக் கீழே சுருங்கியிருந்தாலே சட்டம் அதைக் குறைபார்வை என்கிறது. டாக்டரிடம் புலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் பார்வைக் குறையுள்ளவர்களுக்கென்றே 1 சதவீதம் இருக்கிறது. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு.

விடியற்காலை இருட்டில் நடந்து போக ஒரு மடக்கு வெள்ளைக்கோல் வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பார்வையற்றவர்களுக்குத்தான் அது என்று நானும் நினைத்திருந்தேன். கோலோடு நின்ற முதல் நாளே, பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்கார அம்மா தானாகவே "எந்த ஊரு பஸ்ஸு கண்ணு?" என்று கேட்டார்.

மாமன் மகள் விஷயம். இது பரம்பரையாக வரக்கூடிய நோய். சொந்தத்தில் முடித்தால் அவருக்கும் அதே மரபணு இருக்க வாய்ப்பு அதிகம், பிள்ளைகளுக்கு வரலாம். மரபணு ஆலோசனை தரும் மருத்துவரைப் பார்க்காமல் நிச்சயம் செய்யவேண்டாம். அந்தப் பெண்ணிடம் நீங்களே நேராகச் சொல்லிவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது.

திரையை அணைத்துவிட்டு ஒரு நாள் ஏலக் கணக்கை முழுசாக முடித்ததும் எனக்கு எழுதுங்கள். எந்த இடத்தில் திணறினீர்கள் என்பதையும் சேர்த்து.