இரவெல்லாம் பிளாக் ஹீட்டர் போட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

பிளாக் ஹீட்டர் (கடுங்குளிரில் இன்ஜினைச் சூடாக வைக்கக் கரண்டில் செருகும் ஹீட்டர்) பேட்டரியைச் சூடாக்காது. அது சூடாக்குவது இன்ஜினில் இருக்கிற கூலன்ட்டை (இன்ஜினுக்குள் சுற்றி ஓடும் திரவத்தை) மட்டும்தான்.

கனடாவின் யூகான் பகுதியில் இருக்கிற டாசன் சிட்டியில் மைனஸ் 38 டிகிரியில் இரவு முழுக்க பிளக்கில் போட்டும் காலையில் வெறும் 'டக் டக்' சத்தம்தான் வந்தது என்கிறீர்கள், அப்படியானால் என் சந்தேகம் பேட்டரி மேல்தான், ஏனென்றால் அந்தக் குளிரில் நல்ல பேட்டரிக்கே பாதி பலம்கூட இருக்காது, நாலைந்து வருஷப் பழசு என்றால் கேட்கவே வேண்டாம்.

1. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2-க்குக் கீழே போனால் பாதிகூட இல்லை.

2. ஹீட்டரையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். பிளக்கைச் செருகிக் கொஞ்ச நேரம் கழித்து பானட்டைத் திறந்து காது கொடுத்தால், கெட்டிலில் தண்ணீர் காய ஆரம்பிக்கிற மாதிரி 'ஸ்ஸ்' என்று மெல்லக் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? ஒயரைப் பாருங்கள். குளிரில் குச்சியாக விறைத்திருப்பதை மடக்கினால் உள்ளேயே முறிந்துவிடும் (வெளியே ஒன்றும் தெரியாது).

ஒன்று மட்டும் கவனம்: சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்துபோகும். பக்கங்கள் உப்பியிருந்தால் ஜம்ப் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வது) கொடுக்கவே கூடாது, வெடிக்கலாம்.

சரி, பேட்டரிதான் என்று தெரிந்தால் டாசனிலேயே மாற்றிவிட்டு, அதைச் சுற்றிப் போடும் மின்சாரப் போர்வை ஒன்றும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். டாசனுக்குப் பக்கத்தில் வடக்கே பிரிகிற டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் திரும்பினால் ஈகிள் ப்ளெய்ன்ஸ் வரை 369 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது.