டிராக்டர் பழகுகிறவர்களுக்கு: கேட்டவையும் சொன்னவையும்

மன்னார்குடிப் பக்கம் 26 வருடமாக டிராக்டர் ஓட்டுகிறேன். சொந்த நிலத்துக்கும் ஓட்டுகிறேன், வாடகைக்கும் போகிறேன். எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் பதினைந்து இருபது பேருக்குப் பழக்கிவிட்டிருக்கிறேன். டிராக்டர் ஓட்டப் பழகுவது பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஒரத்தநாடு): அண்ணா, கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் 45 எச்.பி. வண்டி சும்மா நிற்கிறது, ஓட்ட ஆள் கிடைப்பதில்லை. எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் தெரியும். நான் பழக முடியுமா? எத்தனை நாள் ஆகும்?

பதில்: தாராளமாக முடியும்மா. கார் ஓட்டித் தெரிந்தவர்களைவிட உங்களுக்குச் சுலபம். அவர்களுக்குக் கார் பழக்கத்தை மறக்க வைப்பதே பெரும் பாடு.

முதல் நாள் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஏறி உட்கார்ந்து, கிளட்ச் அடிவரை மிதிபடும்படி சீட்டை முன்னே இழுத்துக்கொள்ளுங்கள். மெயின் கியர், ஹை-லோ லிவர், பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) லிவர், ஹைட்ராலிக் லிவர், கை ஆக்சிலேட்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தால் சரியான லிவர் அகப்பட வேண்டும். அப்புறம் இன்ஜினை நிறுத்தப் பழகுங்கள். பல வண்டிகளில் சாவியைத் திருப்பினால் மட்டும் இன்ஜின் நிற்காது, ஸ்டாப்பரை இழுக்க வேண்டும். பதறிப்போய்ச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வண்டியை வாய்க்காலில் இறக்கியவர்களை எனக்குத் தெரியும்.

வலது பக்கம் இரண்டு பிரேக் மிதி இருக்கும், பின்சக்கரத்துக்கு ஒன்றாக. வயலில் கரையோரம் திரும்பும்போது ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் வண்டி சின்ன வட்டத்தில் திரும்பிவிடும். ரோட்டுக்கு வருவதற்கு முன்னால் இரண்டையும் சேர்க்கும் கொக்கியைக் கண்டிப்பாக மாட்டுங்கள். வேகத்தில் ஒரு பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே வெடுக்கென்று திரும்பும்.

இரண்டாம் நாள் உளுந்து எடுத்த காய்ந்த வயலுக்குப் போங்கள். பின்னால் கலப்பை, டிரெய்லர் எதுவும் வேண்டாம். லோவில் இரண்டாவது கியர் போட்டு, கை ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக வைத்து, கிளட்சை மெல்ல விட்டு வயலைச் சுற்றுங்கள். ஒரு குச்சி நட்டு, அதன் பக்கத்தில் வந்து நிறுத்துங்கள். இதையே ஐம்பது தடவை செய்யுங்கள். பிறகு ரிவர்ஸ். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அதற்குப் பிறகுதான் ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்ட வேண்டும். மாட்டும்போது, கலப்பையைப் பிடிக்கும் மூன்று கைகளில் இடது கீழ் லிங்க் முதலில், வலது கீழ் லிங்க் அடுத்து, டாப் லிங்க் கடைசியில். வண்டியைப் பின்னால் கொண்டுவரும்போது வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் ஒருவரும் நிற்கக் கூடாது, உதவிக்கு வந்தவராக இருந்தாலும்.

சேலை, துப்பட்டா வேண்டாம். பேண்ட், சட்டை, பின்னல் கட்டிய கொண்டை. ஏன் என்று கீழே இன்னொருவருக்குச் சொல்கிறேன், அதையும் படித்துவிடுங்கள்.

கேள்வி (அறந்தாங்கி): 35 எச்.பி. வாங்கலாமா, 45 வாங்கலாமா? எந்தக் கம்பெனி நல்லது?

பதில்: மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர், அதுவும் ஐந்தடி மாட்டுவதென்றால் 40-க்குக் குறைய வேண்டாம். கம்பெனி என்று பார்த்தால், எந்த வண்டிக்கு உங்கள் ஊரில் மெக்கானிக்கும் சாமானும் சீக்கிரம் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

கேள்வி (பேராவூரணி): டிராக்டர் ஓட்டத் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

பதில்: 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, சுமை ஏற்றாத எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத டிராக்டர் இலகுரக வாகனத்தில்தான் வருகிறது. கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே போதும். வாடகைச் சுமை ஏற்றும் விஷயத்திலும் எல்.எம்.வி. செல்லும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. டிரெய்லர் மாட்டி வாடகைக்குப் போகிறவர்கள் இன்சூரன்ஸ் தாளையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

கேள்வி (குளித்தலை): பி.டி.ஓ. ஷாஃப்ட் மேலே இருந்த பிளாஸ்டிக் கவர் உடைந்துவிட்டது. இல்லாமலே ஓட்டுகிறோம். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஒரு கோடையில் பி.டி.ஓ.வில் பம்பு மாட்டி வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். பெல்ட் வாசனை மாதிரி ஏதோ வந்தது. குனிந்து பார்த்தேன். தோளில் கிடந்த துண்டின் நுனி ஷாஃப்டில் பட்டது, அவ்வளவுதான். துண்டு போனது கண்ணுக்கே தெரியவில்லை, கழுத்தோரம் சூடாக ஒரு கோடு மட்டும் இழுத்தது. வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால், நாலு முழத் துண்டு ஷாஃப்டில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு இறுகிக் கிடக்கிறது. கையால் பிரிக்க முடியவில்லை, அரிவாளால் அறுத்துத்தான் எடுத்தேன். அதைத் தோளில் சும்மா போட்டிருந்ததால் நான் இருக்கிறேன். கழுத்தில் சுற்றியிருந்தால் அதோடு என் தலையும் போயிருக்கும்.

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு ஒன்பது. சாதாரண ஷாஃப்டே நொடிக்கு இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். கையை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கவர் வாங்கி மாட்டுங்கள். லுங்கி, துண்டு, துப்பட்டா எதுவும் ஷாஃப்ட் பக்கம் வரக் கூடாது. ரோட்டவேட்டரில் வைக்கோல் சிக்கினாலும், பி.டி.ஓ.வை எடுத்து, இன்ஜினையும் நிறுத்திய பிறகுதான் இறங்க வேண்டும்.

கேள்வி (முசிறி): டீசல் தீர்ந்து நின்றது. டீசல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

பதில்: லைனில் காற்று புகுந்திருக்கிறது. ஃபில்டர் மேலே இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரையாக வரும். நுரை போய்ச் சுத்த டீசல் வந்ததும் ஸ்குரூவை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சும்மா செல்ஃப் அடித்தால் பேட்டரிதான் இறங்கும்.

கேள்வி (விருத்தாசலம்): 13 வயதுப் பையன் பிரமாதமாக ஓட்டுகிறான். உழவுக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் ஐயா. ஓட்டுவான், சந்தேகமில்லை. ஆனால் முன்சக்கரம் தூக்கும் நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கிற வயது அது இல்லை. 18 ஆகட்டும். அதுவரை கிரீஸ் அடிக்க, ஏர் கிளீனர் ஆயில் பார்க்க, ரேடியேட்டரில் ஒட்டிய வைக்கோல் தூசியைத் துடைக்கக் கற்றுக்கொடுங்கள், எல்லாம் இன்ஜின் நின்ற பிறகு. மட்கார்டில் உட்காரவைத்து அழைத்துப் போவதும் வேண்டாம். டிராக்டரில் இருப்பது ஒரே ஒரு சீட்.

கேள்வி (தஞ்சாவூர்): எந்த டிராக்டர் மைலேஜ் தரும்? எது வாங்கலாம்?

பதில்: மேலே அறந்தாங்கிக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): சேத்துழவில் வண்டி புதைந்துவிட்டால் பின்சக்கரத்தில் கட்டை கட்டி எடுக்கலாமா? அதை எப்படிக் கட்டுவது என்று சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். கட்டக் கூடாது.

கேள்வி (நாகப்பட்டினம் பக்கம்): என்னண்ணே இப்படிச் சொல்கிறீர்கள்? நாங்கள் 30 வருடமாகக் கட்டைதான் கட்டி எடுக்கிறோம். ஒன்றும் ஆகவில்லையே.

பதில்: தம்பி, முப்பது வருடம் ஆகவில்லை என்பது உங்கள் நல்ல நேரம். நடக்கிறதைச் சொல்கிறேன், யோசித்துப் பாருங்கள். இன்ஜின் பின் அச்சைச் சுழற்றுகிறது. சக்கரம் உருண்டால் வண்டி முன்னால் போகும். கட்டை போய் மண்ணில் முட்டிக்கொண்டு சக்கரம் உருள முடியாமல் நின்றுவிட்டால், இன்ஜின் சும்மா இருக்காது. சக்கரம் சுற்றாவிட்டால் அச்சைச் சுற்றி வண்டியே சுற்றும். முன்பக்கம் மேலே எழும்பி, அப்படியே பின்னால் மல்லாந்து விழும், ஓட்டுகிறவர் மேலே. சேற்றில் அடியில் மாட்டினால் மூச்சுவிடவும் வழியில்லை.

கேள்வி (வேதாரண்யம்): முன்பக்கம் தூக்குவது தெரிந்ததும் கிளட்சை மிதித்தால் இறங்கிவிடுமே?

பதில்: தெரிந்தால் மிதிக்கலாம். முன்சக்கரம் தரையை விட்டதிலிருந்து வண்டி மல்லாந்து விழ ஒன்றரை நொடி போதும். அதில் பாதி நேரத்திலேயே இனித் திரும்பாது என்ற கட்டத்தைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் தலையைத் திருப்பிப் பின்னால் கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி (நாகப்பட்டினம் பக்கம்): முன்னால் பம்பரில் இரண்டு பேரை உட்காரவைத்துக்கொள்வோம், தூக்காது.

பதில்: ஒரு உயிர் போகிற இடத்தில் மூன்று உயிரைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள். கட்டை பிடித்து வண்டி திடீரென்று முன்னால் பாய்ந்தால் அவர்கள் சக்கரத்தின் அடியில்தான் விழுவார்கள். வேண்டாம் தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி (கொரடாச்சேரி): இவர் சொல்வது சரி. எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் போனார். வண்டிக்குக் கூரை இருந்தது, அதுவும் நசுங்கிவிட்டது.

பதில்: கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. கூரையைப் பற்றிச் சொன்னீர்களே, அதையும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டறையில் அடித்து மாட்டுகிற கூரை வெயிலுக்குத்தான். கவிழ்ந்தால் தாங்குவதற்கென்று சோதித்துச் செய்த இரும்புச் சட்டம் வேறு. ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள், கவிழ்ந்து சாகிறவர்கள் அங்கே வெகுவாகக் குறைந்துபோனார்கள். அந்த இரும்புச் சட்டம் உள்ள வண்டியாக இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போடாதீர்கள்.

கேள்வி (கோட்டூர்): சால் நேராக வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டுகிறீர்கள். எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்த்து ஓட்டுங்கள். முதல் சால் நேராக விழுந்தால் மற்றது தானாக வரும். கரையில் கலப்பையைத் தூக்கிய பிறகுதான் திரும்ப வேண்டும்.

கேள்வி (லால்குடி): ஐந்து ஏக்கருக்கு எந்த டிராக்டர் வாங்கலாம்?

பதில்: மூன்றாவது முறை இது. ஐந்து ஏக்கருக்கு வாங்கவே வேண்டாம், கடன்தான் மிஞ்சும். வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குத் தருகிறார்கள், உழவன் செயலியில் பாருங்கள்.

கேள்வி (மணப்பாறை): ஒரு வருடத்தில் இரண்டாவது தடவையாக கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. வண்டியில் கோளாறா?

பதில்: கிளட்ச் மிதியின் மேல் இடது காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு அதுதான் காரணம். காலைப் படியில் வையுங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): சரி அண்ணே, கட்டை வேண்டாம். அப்படியானால் எப்படித்தான் எடுப்பது? நடவு ஆள் கரையில் நிற்கும், அன்றைக்கே எடுத்தாக வேண்டும்.

பதில்: இதைக் கேட்டீர்களே, சந்தோஷம். சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்ததுமே நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் வந்துவிடும் என்று தோன்றும், கொடுத்தால் அச்சு வரைக்கும் போகும். பின்னால் இருப்பதைத் தூக்குங்கள், முடிந்தால் கழற்றிவிடுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் இரண்டு பின்சக்கரத்தையும் சேர்ந்து சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்து நேராக வாருங்கள், லாக்கோடு திரும்பாதீர்கள். அதிலும் வரவில்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, மண்வெட்டியால் சக்கரங்களின் பின்னால் சரிவாக வெட்டி, லோ ரிவர்ஸில் வந்த வழியே மெதுவாக வெளியே வாருங்கள். ரிவர்ஸில் போகும்போது முன்பக்கம் தரையில் அழுந்துமே தவிர எழும்பாது. அடுத்த தடவை கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம் பக்கம்): ரிவர்ஸிலும் வரவில்லையென்றால்?

பதில்: இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள் தம்பி. இழுக்கிற வண்டி கெட்டித் தரையில் நிற்க வேண்டும். சங்கிலியை அதன் பின்னால் இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில், கீழே மாட்ட வேண்டும். டாப் லிங்க் மாட்டுகிற இடத்திலோ அச்சிலோ மாட்டினால் இழுக்கிற வண்டியும் மல்லாந்துவிடும். லோ கியரில் மெதுவாகச் சங்கிலியை விறைக்கவைத்து, அப்புறம் இழுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

கேள்வி (நாகப்பட்டினம் பக்கம்): சங்கிலி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் அண்ணே?

பதில்: இரண்டு வண்டிக்கும் நடுவில் இன்னொரு வண்டி நிற்கிற அளவாவது. கரையில் நிற்கும் நடவு ஆட்களைச் சங்கிலியின் நீளத்துக்கு மேல் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அறுந்தால் அது சாட்டை மாதிரி திரும்பி வரும்.