இழுத்துவிடும், சரி, சுமக்குமா? ஃபிஃப்த் வீல் கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஃபிஃப்த் வீல் டிரெய்லர் பற்றித்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். புதியவர்களுக்காக ஒரு வரி: பம்பருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டுவது சாதாரண டிரெய்லர். பிக்கப்பின் பெட்டுக்குள் (பின்னால் இருக்கும் திறந்த சாமான் தொட்டி) பொருத்திய ஹிட்ச் மேல் மூக்கை ஏற்றி உட்காருவது ஃபிஃப்த் வீல். 1500, 2500, 3500 என்பவை பிக்கப்பின் வகைகள், எண் கூடக் கூடச் சுமக்கும் பலம் கூடும்.

2500 டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். "இது 17,000 பவுண்டு இழுக்கும், 13,500 பவுண்டு டிரெய்லரெல்லாம் தூசு" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா? (ஹூஸ்டன்)

இழுக்கும். அதில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு சுமக்கும் என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஊரில் மாட்டுவண்டியில் மூட்டை அடுக்கியவர்களுக்கு இது புரியும். முன்பாரம் ஏறினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கும். ஃபிஃப்த் வீல் வேண்டுமென்றே முன்பாரமாகக் கட்டிய வண்டி. சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைக் கொக்கியில் வைக்கும். ஃபிஃப்த் வீல் 15 முதல் 25 சதவீதம் வரை பிக்கப்பின் முதுகில் ஏற்றிவிடும். அது பின்னால் வாலாட்டாமல் வருவதற்கு இந்த முன்பாரமும் ஒரு காரணம். அதனால் குறைத்துக்கொள்ளவும் முடியாது.

இப்போது உங்கள் கணக்கு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். உங்கள் வண்டியில் 2,150 பவுண்டு என்று எழுதியிருந்தீர்கள். டீசல் எஞ்சினே கனம், நால்சக்கர இயக்கம் வேறு, அதனால்தான் இவ்வளவு குறைவு. டிரெய்லர் நிறைந்தால் 13,500, அதில் 20 சதவீதம் 2,700. ஹிட்ச் 200. நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்த்து 500 என்று வையுங்கள். பெட்டில் ஒரு ஜெனரேட்டர், கொஞ்சம் விறகு என்று 100. கூட்டினால் 3,500. ஸ்டிக்கரை விட 1,350 பவுண்டு அதிகம்! விற்பவர் காட்டிய கையேட்டில் ‘பின் வெயிட்’ (pin weight: டிரெய்லர் மூக்கில் இருக்கும் கிங்பின் என்ற இரும்பு முளை பிக்கப் மேல் இறக்கும் எடை) 1,900 என்றுதானே இருக்கிறது என்பீர்கள். அது காலி டிரெய்லருக்கு. அரிசி மூட்டையும் கிரைண்டரும் ஏற்றாமல் நம்மில் யார் முகாமுக்குப் போகிறோம்?

சரி, அந்த 17,000 எங்கிருந்து வந்தது? வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்று ஒரு சோதனை முறை உண்டு. அரிசோனாவின் டேவிஸ் டேம் மேட்டில் 11.4 மைல் ஏற வேண்டும், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசி போட்டுக்கொண்டு. கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கு வைப்பது 150 பவுண்டு ஆட்கள் இரண்டே பேர். உங்கள் குடும்பத்தை யாரும் அதில் ஏற்றவில்லை.

டிரெய்லர் மீது ஆசை விடாவிட்டால் 3500 பார்க்க வேண்டும். பின்னால் நான்கு சக்கரம் உள்ள டூவலி இருந்தால் இன்னும் நிம்மதி. வண்டியை மாற்ற மனமில்லை என்றால் மொத்த எடை வரம்பு 6,700 பவுண்டுக்குள் இருக்கும் சிறிய ஃபிஃப்த் வீல் தேடுங்கள். அந்த வகையில் தேர்ந்தெடுக்க அதிகம் கிடைக்காது.

அண்ணா, என்னிடம் 1500 இருக்குது. ‘ஹாஃப்-டன் டோவபிள்’ என்று எழுதிய ஃபிஃப்த் வீல் ஒன்று பார்த்தேன். எடுக்கலாமோ? (ஸ்கார்பரோ)

வேண்டாம் தம்பி. 1500 போன்ற ‘ஹாஃப்-டன்’ பிக்கப்பே இழுக்கும் என்று சொல்லும் அந்த ஒட்டுப்படம் விளம்பரம், அளவுகோல் அல்ல. பெரும்பாலான 1500 வண்டிகளின் பேலோடு, அதாவது ஸ்டிக்கரில் இருக்கும் அந்தச் சுமக்கும் வரம்பு, 1,400 முதல் 1,900 பவுண்டுக்குள், அதாவது 635 முதல் 860 கிலோவுக்குள் முடிந்துவிடும். நான்கு பேர் ஏறி ஹிட்சும் பூட்டினால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அதே பணத்தில் கொக்கியில் மாட்டும் நல்ல டிரெய்லர் எடுங்கள், எடையைப் பிரித்துத் தரும் ஹிட்சோடு.

பின்பக்க ஸ்பிரிங் தாழ்ந்துவிடுகிறது. அதற்குத் துணையாகக் காற்றடைத்த ஏர் பேக் போட்டால் பேலோடு கூடுமா?

கூடாது. வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஆக்சில், டயர், ரிம், பிரேக் எல்லாம் பழையதுதானே? இடுப்பு வலிக்காரர் பெல்ட் கட்டிக்கொண்டு மூட்டை தூக்குவது போல.

கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடையில் எடை போட்டேன். டிரெய்லரோடு: முன் ஆக்சில் 4,900, பின் ஆக்சில் 5,900, டிரெய்லர் ஆக்சில்கள் 10,300. பிக்கப் மட்டும்: முன் 4,800, பின் 3,300. வண்டி 3500, மொத்த வரம்பு 12,300, பின் ஆக்சில் வரம்பு 7,000. டிரெய்லர் வரம்பு 14,000. தேறுமா? (டல்லஸ்)

இப்படிக் கேள்வி வந்தால் எனக்கு மனசு குளிர்ந்துவிடும். டிரக் ஸ்டாப்புகளில் இருக்கும் இந்த எடைமேடையில் சில டாலர் செலவழிக்கச் சோம்பல்பட்டு, பலர் வருடக்கணக்கில் ஊகத்திலேயே ஓட்டுகிறார்கள்.

டிரெய்லரோடு பிக்கப் நிற்கும் எடை 10,800. தனியாக 8,100. வித்தியாசம் 2,700, அதுதான் உண்மையான பின் வெயிட். அதை 10,300-உடன் சேர்த்தால் டிரெய்லர் 13,000. அதாவது 20.8 சதவீதம் பிக்கப் மேல் இருக்கிறது, ஆரோக்கியமான எண். பிக்கப் 12,300-க்குள், பின் ஆக்சில் 7,000-க்குள், டிரெய்லர் 14,000-க்குள். முன் ஆக்சில் எடை குறையாமல் 100 பவுண்டு கூடியிருக்கிறது, ஆக ஹிட்ச் சரியான இடத்தில், பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. தேறும்.

இரண்டு விஷயம் மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு முறையும் அதே ஆட்கள் வண்டிக்குள் இருந்தார்களா? பிள்ளைகள் இரண்டாம் முறை இறங்கிக் கடைக்குள் ஓடியிருந்தால் கணக்கு கெட்டுப்போகும். அடுத்து, தண்ணீர்த் தொட்டி. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 60 கேலன் என்றால் 500. தொட்டி டிரெய்லர் ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் அதில் ஒரு பங்கு உங்கள் பிக்கப்பில்தான் இறங்கும். காலித் தொட்டியோடு எடை போட்டிருந்தால் நிரப்பிக்கொண்டு இன்னொரு முறை போங்கள்.

மொத்த வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டிய பிக்கப்புகள் சிலவற்றில் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இருக்காது. எரிபொருள் நிரப்பி வண்டியை மட்டும் எடை போட்டு வரம்பிலிருந்து கழித்தால் பேலோடு கிடைத்துவிடும்.

அப்புறம், உங்கள் இரண்டு வரம்புகளையும் கூட்டினேன்: 26,300. டெக்சாஸில் மொத்தம் 26,001 பவுண்டை எட்டி, இழுக்கப்படுவது 10,000-ஐத் தாண்டினால் சாதாரண கிளாஸ் சி உரிமம் போதாது, வணிகம் சாராத கிளாஸ் ஏ எடுக்க வேண்டும். எடைமேடை என்ன சொல்கிறது என்பது இதற்குக் கணக்கில்லை, தகட்டில் அச்சிட்ட வரம்புதான் கணக்கு.

கலிஃபோர்னியாவில் உரிம விதி என்ன?

ஃபிஃப்த் வீலின் வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டி 15,000 வரை என்றால் கிளாஸ் சி-யோடு தனி ஒப்புதல் வாங்க வேண்டும். 15,000-க்கு மேல் வணிகம் சாராத கிளாஸ் ஏ. டிரெய்லர் வாங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

என் பிக்கப்பின் பெட் ஆறரை அடி. திரும்பும்போது டிரெய்லர் கேபின் கண்ணாடியில் இடிக்குமா?

இடிக்கலாம். நெடுஞ்சாலையில் அல்ல, முகாம் இடத்தில் ரிவர்ஸ் எடுத்து ஒடிக்கும்போது. எட்டடி பெட்டுக்கு இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. ஆறரை அடியில், மூக்கின் ஓரங்கள் உள்வாங்கிய புது டிரெய்லர்கள் பல தப்பித்துவிடும். ஐந்தரை அடி என்றால், திரும்பும்போது டிரெய்லரைப் பின்னால் நகர்த்தித் தரும் நழுவும் ஹிட்ச் இல்லாமல் இறங்காதீர்கள். எதுவானாலும் காலி மைதானத்தில் ஒருவரைக் கீழே நிறுத்தி மெதுவாக ஒடித்துப் பாருங்கள். பெட்டின் பக்கச்சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் நடுவே ஐந்தரை, ஆறு அங்குலம் இடைவெளியும் வேண்டும். அதற்காக ஹிட்சை அளவுக்கு மீறி உயர்த்தினால் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின் டயர்களைத் தின்னும்.

டென்வரிலிருந்து மேற்கே போகிறோம். மேட்டில் வண்டி திணறுமோ என்று பயம்.

ஏற்றத்தில் திணறினால் வலப்பக்கம் ஒதுங்கி 40 மைல் வேகத்தில் போகலாம், மானம் மட்டும்தான் போகும். நான் பயப்படுவது இறக்கத்துக்கு. ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அதைக் கடந்து சில்வர்தோர்ன் நோக்கி இறங்கும் சரிவு 7 சதவீதம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போதே வேகத்தைக் குறைத்து, டோ-ஹால் மோடு (பாரம் இழுக்கும்போது போடும் கியர் அமைப்பு) போட்டு, கீழ் கியரில் எஞ்சினே பிடிக்கட்டும் என்று விடுங்கள். டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகைபோக்கியை அடைத்து எஞ்சினால் வேகத்தைக் குறைப்பது) இருந்தால் அதுவும். காலால் மிதிப்பது விட்டுவிட்டு, அழுத்தமாக, கொஞ்ச நேரம்.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். அங்கே மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போவுக்கு அவ்வளவு அடி விழாது.

ஹிட்ச் பூட்டிக்கொண்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்குச் சொந்த அவமானத்தையே சொல்கிறேன். பல வருடம் முன்பு, மழை, பின்னால் காத்திருக்கும் வண்டிகள், அவசரம். ‘டக்’ என்ற சத்தம் கேட்டது, பூட்டிவிட்டது என்று நினைத்து டிரெய்லரின் தாங்கு கால்களைத் தூக்கிவிட்டு நகர்ந்தேன். கிங்பின் ஹிட்சின் தாடைக்குள் போகாமல் அதன் மேலே உட்கார்ந்திருந்தது. பத்தடி போவதற்குள் டிரெய்லரின் மூக்கு பெட்டின் இரண்டு பக்கச்சுவர் மேலும் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. பிக்கப்பைப் பார்த்து என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஒரே வரிசை. டார்ச் அடித்துத் தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பேன். ஹிட்சின் கைப்பிடி பூட்டிய நிலையில் இருக்க வேண்டும், அது கழலாமல் பூட்டு ஊசியைச் செருக வேண்டும். வயரையும், டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்க வைக்கும் கேபிளையும் மாட்டுவேன். டிரெய்லரின் கால்களைத் தரையிலிருந்து அரை அங்குலம் மட்டும் தூக்கி, சக்கரக் கட்டை போட்டபடி, டிரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை முன்னால் இழுத்துப் பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் டிரெய்லர் அரை அங்குலம்தான் விழும். பிடித்தால் கால்களை முழுதாகத் தூக்கி, கட்டையை எடுத்து, கடைசியாகப் பெட்டின் பின்கதவை மூடுவேன். பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் சரி.